சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. எகிப்தும் இஸ்ரேலும் 1979 மார்ச் 26-ல் கையெழுத்துப் போட்டன. தூதர்கள் வந்து சேர்ந்தது 1980 பிப்ரவரியில்தான். இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த எகிப்தின் சினாய் தீபகற்பத்திலிருந்து அதன் படை படிப்படியாக விலகி முடிய 1982 ஏப்ரல் ஆனது. அதற்குப் பிறகும் தாபா என்கிற துளியூண்டு கடற்கரைக்காக நடுவர் தீர்ப்பு வரை போய், அது எகிப்துக்குத் திரும்பியது 1989-ல்!

பாம்பன்காரன் என்பதால் எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் தேடுவது கடல் பற்றிய வரியைத்தான். இதில் இஸ்ரேல் கப்பல்கள் சூயஸ் கால்வாயில் தடையின்றிப் போகலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. நமக்கும் இலங்கைக்கும் போரே இல்லை, ஆனாலும் சிக்கல். 1974 ஒப்பந்தம் விசா இல்லாமல் கச்சத்தீவு போய்வர விட்டது. 1976-ல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்றன. அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறலாம், வலையைக் கரையில் வைத்துவிட்டு.