பட்டா இல்லாத தெருவின் சாக்கடை

கேள்வி: புறம்போக்கில் குடியிருக்கிறோம். தெருவை ஒட்டிய திறந்த சாக்கடையைத் தூர்வாரிப் பல வருடங்கள் ஆகின்றன. என் அம்மாவுக்கு யானைக்கால். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இப்போது கால் வீங்குகிறது. நகராட்சியில் கேட்டால், "பட்டா இல்லை, நிதியும் இல்லை" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. எங்கே போகிறோம், எதைக் கேட்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

நிதி இல்லை என்று மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சியும் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னது. அங்கேயும் திறந்த சாக்கடைதான் பிரச்சினை. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்க நிதிப் பற்றாக்குறையைக் காட்ட முடியாது என்றது. குடியிருப்போர் அன்று மனுப் போட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவில். இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. உங்கள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

அந்தப் பிரிவு தொல்லை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். மனுதாரரிடம் பட்டா கேட்காது. நீங்களும் இந்த மனுவில் பட்டாப் பேச்சை எடுக்காதீர்கள். சுகாதாரம் கேட்டுத் தொடங்கிய வழக்கு குடிசைகளை அகற்றுவதில் போய் முடிந்த கொடுமையும் நடந்திருக்கிறது. மனு சாக்கடையைத் தாண்டக் கூடாது.

நஷ்டஈட்டையும் இப்போது கேட்க வேண்டாம் என்பேன். யானைக்கால் புழு உடம்பில் புகுந்து, வீக்கம் தெரியவே பல ஆண்டுகள் ஆகும். "எந்த ஊர்க் கொசு கடித்ததோ" என்று எதிர்த்தரப்பு கேட்கும்; அதற்குச் சாட்சி தேடுவது கடினம். ஆனால் இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில் பெருகுவது என்பது யாரும் மறுக்க முடியாத உண்மை. அதுவே சாக்கடை மனுவுக்குப் போதுமான பலம்.

மனுவோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். கடைசியாகத் தூர்வாரிய தேதி, கொசுப்புழு மருந்து தெளித்த பதிவேடு, உங்கள் தெருவில் இரவு ரத்தப் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்று கேளுங்கள். "இரவு" என்பதை விடாதீர்கள். யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் தெரியும். பகலில் குத்திப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும்.

கோட்டாட்சியர் மனுவைக் கிடப்பில் போட்டால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆகவே மனுவில் உங்கள் அம்மாவும் அந்த அக்காவும் முதலில் கையெழுத்திடட்டும். தேதியுடன் எடுத்த சாக்கடைப் படங்களையும் இருவரின் மருத்துவச் சீட்டுகளின் நகலையும் இணைத்து, மனு பெற்றதற்கான ஒப்புகை கையில் கிடைத்த பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.