அமெரிக்காவில் இரண்டே கட்சிகள்தானா?

மூன்றாவது கட்சியே அங்கு கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். லிபர்டேரியன், கிரீன் என்று இருக்கின்றன, ஜெயிப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் இங்கே படிக்க வந்தவன், எனக்கு ஓட்டு இல்லை. அறைத்தோழனுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டை எட்டிப் பார்த்தேன். அதிபரில் தொடங்கி உள்ளூர்ப் பள்ளி வாரியம் வரை முன்னும் பின்னும் பெயர்கள். பிடித்த பெயருக்குப் பக்கத்து வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அதிபருக்கே நான்கைந்து பேர் இருந்தார்கள்.

சிக்கல் எண்ணும் முறையில். மேய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பிடிப்பவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர் வாக்குகளும் (மாநிலவாரியாகப் பிரித்திருக்கும், அதிபரை முடிவு செய்யும் வாக்குகள்) போய்விடும். 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார். 538 தேர்வாளர் வாக்குகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. 2000-இல் ஃபுளோரிடாவில் புஷ், அல் கோரை ஜெயித்தது வெறும் 537 ஓட்டு வித்தியாசத்தில். கிரீன் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியதோ 97,000-க்கும் மேல். 'ஓட்டைப் பிரிக்கிறார்கள்' என்ற புலம்பல் நம்மூருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்!

மேய்னில் இப்போது 1, 2, 3 என விருப்ப வரிசை போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசி இடத்தவரின் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு நகரும்.