மூன்று வயது மகளுக்கு, சிறுநீர் கிட்னிக்கே திரும்பி ஏறும் ரிஃப்ளக்ஸ், ஐந்தில் கிரேடு 3. வயிற்றைத் திறக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் குழந்தைகளுக்கான யூராலஜிஸ்ட் இன்னொருவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சிறுநீர்ப்பையில் குழாய் வழியாக மருந்தை நிரப்பி எம்சியூ எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளை கதறியதைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்த மனநிலையில் எதற்கும் தலையாட்டத் தோன்றும்.

என் மகளுக்கும் இதே கிரேடு. அடிக்கடி குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு. "உடம்புச் சூடு, இளநீர் குடு" என்றார் மாமியார். யூரின் கல்ச்சரில்தான் கிருமித் தொற்று தெரிந்தது. சிறுநீர் பையிலிருந்து கிட்னிக்கே திரும்பி ஏறுகிறது, அடிவயிற்றைத் திறந்து குழாயை மாற்றித் தைக்க வேண்டும் என்றார்கள் முதலில் பார்த்த இடத்தில்.

இரண்டாவது டாக்டர் அவசரப்படவில்லை. வளர வளரப் பல பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகும் என்றார். ராத்திரி குறைந்த அளவு ஆன்டிபயாடிக், மலச்சிக்கலுக்கு மருந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம். மலம் கட்டி நின்றால் சிறுநீர்ப்பையும் முழுதாகக் காலியாகாது, அதனால் மலச்சிக்கலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்தையும் மீறிக் காய்ச்சல் வந்தது, டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் கிட்னியில் தழும்பு தெரிந்தது. அப்புறம்தான் ஜெல் ஊசி. மயக்கம் கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கேமராக் குழாயை விட்டு, கிட்னிக் குழாய் பைக்குள் திறக்கும் வாய்க்கு அடியில் ஜெல்லை ஏற்றினார்கள். அந்த இடம் மேடாகி, நீர் திரும்பி ஏறுவது நின்றது. வெட்டு, தையல் எதுவும் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"புதுசு புதுசா பிள்ளை மேல சோதிக்கிறாங்க" என்று சொந்தத்தில் பேசினார்கள். டப்ளினில் ஓடோனல், பிரேம் பூரி என்ற இரு டாக்டர்கள் இந்த முறையை 1984-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அன்று ஜெல்லுக்குப் பதில் டெஃப்லான் பசையை ஏற்றினார்கள். இப்போதைய ஜெல்லுக்கு அமெரிக்கா 2001-இல் அனுமதி கொடுத்தது.

திறந்து செய்வதுதான் உறுதி என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், அதில் வெற்றி கூடுதல். ஜெல்லைச் சிலருக்கு மறுபடி போட வேண்டிவரும், கிரேடு கூடக்கூடப் பலன் குறையும். தெரிந்துதான் தேர்ந்தெடுத்தோம். நான் டாக்டர் இல்லை, உங்கள் மகளின் ஸ்கேனைப் பார்ப்பவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

என் கோபமெல்லாம் பள்ளிக்கூடத்தின் மேல்தான். அடிக்கடி பாத்ரூம் அனுப்பச் சொல்லும் டாக்டர் சீட்டைக் காட்டியும் "கிளாஸ் நடக்கும்போது அனுப்ப முடியாது, எல்லாருக்கும் ஒரே ரூல்" என்றார்கள். இத்தனை ஃபீஸ் வாங்கியும் பாத்ரூமில் தண்ணீர் வராது. அந்த நாற்றத்துக்குப் பயந்து பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். உங்கள் மகளைச் சேர்க்கும் அன்றே டாக்டர் கடிதத்தைப் பிரின்சிபாலிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.