நிலத்தடி நீர், ஆயுட்கால வேலை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நிலத்தடி நீர் மாசு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ஒருமுறை கெட்டுப்போன நீர்த்தாங்கி (நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் மண், பாறை அடுக்கு) அதை ஆராய்ந்தவரின் ஆயுளுக்குள் பெரும்பாலும் சரியாவதில்லை’ என்று ஒரு வரி வருகிறது. நான் நிலவியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். நீர்நிலவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம் என்று இருந்தேன். இந்த வரியைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். சரியாகாத ஒன்றை முப்பது வருடம் அளந்துகொண்டிருப்பதில் என்ன இருக்கிறது? மருத்துவருக்காவது குணமான ஒருவர் எதிரில் வந்து நிற்பார். இன்னொன்று, இப்போது எல்லாம் கணினி மாதிரிகள்தான், களத்துக்குப் போவது நேர விரயம் என்கிறார்கள் சீனியர்கள். அது உண்மைதானா?

எம்.

அன்புள்ள எம்,

அந்த வரியை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் நீங்கள் அதைத் துக்கச் செய்தியாகப் படித்துவிட்டீர்கள். நான் எழுதியது வேகத்தைப் பற்றி.

உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலின் என்ற கரைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. பெட்ரோல் கசிந்தால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். இது நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஷ்வில்லே கண்ணாடித் தொட்டிகளில் மணலை நிரப்பி இதைக் கண்ணெதிரே காட்டிய பிறகுதான், மேலே தேடிக்கொண்டிருந்தவர்கள் அடியில் தேட ஆரம்பித்தார்கள். இறங்கிய திரவம் களிமண் அடுக்கின் மேல் தங்கி, கரைந்து, அந்தக் களிமண்ணுக்குள்ளும் ஊடுருவும். மணலில் இருக்கும் நீரைச் சில வருடங்கள் இறைத்துச் சுத்தப்படுத்தலாம். பம்பை நிறுத்தினால், களிமண் தான் வாங்கிவைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குத் திருப்பிக் கொடுக்கும். அது பல பத்தாண்டுகள் நடக்கும். அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு லிட்டர் டிரைகுளோரோஎத்திலின் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். ஆயுளுக்குள் சரியாகாது என்றது இதனால்தான்.

சரி, அப்படியென்றால் அளப்பது எதற்கு?

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970களிலிருந்து, குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தவிர்க்க, லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. அந்த நீரில் ஆர்செனிக் இருந்தது. யாரும் கொட்டியதல்ல, வண்டலில் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டியிருந்தது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அந்த ஆக்சைடுகள் கரையும்போது ஆர்செனிக்கும் நீரில் சேர்ந்துவிடுகிறது. அந்தப் படுகையைச் சுத்தம் செய்வது நடக்கிற காரியமல்ல. ஆனால் ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, வரம்புக்குள் இருந்ததற்குப் பச்சையும் மீறியதற்குச் சிவப்பும் அடித்தார்கள். ஒரு வீட்டுக் கிணறு சிவப்பு, கூப்பிடு தூரத்தில் அடுத்த வீட்டுக் கிணறு பச்சை என்று இருந்த இடங்கள் ஏராளம். சிவப்புக் கிணற்றுக்காரர்களில் பலர் குடிக்க மட்டும் பச்சைக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். எல்லோரும் போகவில்லை, பிரச்சினை முடிந்துவிடவும் இல்லை. ஆனாலும் நீர்த்தாங்கி அப்படியே இருக்க, அதைக் குடிக்கிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அதைச் செய்தது அளவீடு. குணமான நோயாளி வந்து நிற்கமாட்டார் என்கிறீர்கள். உண்மைதான். இந்தத் தொழிலில் நீங்கள் காப்பாற்றியவருக்கு நோயே வந்திருக்காது. அவர் எதற்கு உங்களைத் தேடி வரப்போகிறார்?

மாசு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு ஒடுங்கிப் போகும் என்பதே ஒரு காலத்தில் தெளிவாகத் தெரியாது. 1982-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், போர்டன் ராணுவத் தளத்தின் மணலில், வாட்டர்லூ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து 12 கனமீட்டர் நீரை உள்ளே செலுத்தினார்கள். அதில் குளோரைடு, புரோமைடு, கூடவே ஐந்து கரிமச் சேர்மங்கள். அப்புறம் அது எங்கே போகிறது என்று நீர் மாதிரி எடுக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர் நகர்ந்தது நாளுக்குச் சுமார் 9 சென்டிமீட்டர். குளோரைடு நீரோடு போனது. கரிமச் சேர்மங்கள் மணலில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மாசு பக்கவாட்டில் அவ்வளவாக அகலவே இல்லை என்பது. இந்த மாதிரி நிலத்தில் ‘பரவி நீர்த்துப்போய்விடும்’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. கண்காணிப்புக் கிணற்றைச் சில மீட்டர் தள்ளிப் போட்டால், ஒன்றுமே இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடலாம்!

வேலை சலிப்பானதுதான், மறைக்கவில்லை. கிணற்று நீரை மெதுவாக இறைத்து, பிஎச்சும் மின்கடத்துத்திறனும் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, புட்டியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி இருந்தால் கரைப்பான் அதற்குள் ஆவியாகிவிடும், திரும்பவும் எடுக்க வேண்டும். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

ஆனால் இந்தப் பிடிவாதத்திலிருந்துதான் ஒரு தீர்வே வந்தது. 1980களில் வாட்டர்லூவில் ஒரு மாணவர், மாதிரி எடுக்கும் கருவி எந்தப் பொருளால் ஆனதாக இருந்தால் நீரிலுள்ள கரைப்பான் குறையாமல் இருக்கும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் வகைகள் உறிஞ்சிக்கொண்டன, அது எதிர்பார்த்ததுதான். உலோகங்களோடு இருந்த நீரிலும் குறைந்தது. உலோகம் எப்படி உறிஞ்சும்? அது சில வருடங்கள் அப்படியே கிடந்தது. பிறகு அங்கே பேராசிரியராக இருந்த ராபர்ட் கில்லாம் அதை மறுபடி கையில் எடுத்தார். கரைப்பான் உறிஞ்சப்படவில்லை, சிதைந்துபோயிருக்கிறது. இரும்பு அரிக்கும்போது வெளிவிடும் எலெக்ட்ரான்கள் அந்த மூலக்கூறிலிருந்து குளோரினைக் கழற்றிவிடுகின்றன. 1991-ல் அதே போர்டன் மணலில், இரும்புத் துகளையும் மணலையும் கலந்து நீரோட்டத்தின் குறுக்கே ஒரு சுவர் வைத்தார்கள். நீர் தானாக அதற்குள் புகுந்து மறுபக்கம் வரும்போது கரைப்பானின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. பிறகு பல நாடுகளில் இப்படிச் சுவர்கள் வந்தன. களிமண்ணுக்குள் போனதை இந்தச் சுவர் ஒன்றும் செய்யாது. அது வெளியே வர வர வழியில் மறிக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

சீனியர்கள் சொல்வதற்கு வருகிறேன். பாதி சரி. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ என்ற கணினி நிரல் இலவசமாகவே கிடைக்கிறது, கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் அடியில் ஓடுவது, மணல் வழியாக நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்று 1856-ல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதிதான். அந்த விதிக்கு ஊடுபுகுதிறன், அதாவது மண் நீரை எவ்வளவு எளிதாக வழிவிடும் என்று, ஓர் எண் தேவை. சரளைக்கும் களிமண்ணுக்கும் இடையே அந்த எண் பல கோடி மடங்கு மாறும். அரை அடி கனமுள்ள ஒரு களிமண் பட்டையைத் துளையிடும்போது கவனிக்காமல் விட்டால், திரையில் வருகிற வண்ணப்படம் அழகாக இருக்கும், மாசு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கும். களத்துக்குப் போகாதவர்கள் செய்த மாதிரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தன்னம்பிக்கையைக் கண்டால் எனக்குப் பயம்தான் வரும்.

அதனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணாதீர்கள். நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். உங்களிடம் தொடர்ந்து அளவெடுத்துவரும் களம் ஏதாவது இருக்கிறதா, அதன் பழைய தரவை நான் பார்க்கலாமா? துளையிடும்போது நான் கூட நின்று மண் அடுக்குகளைக் குறிக்க விடுவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சேர்ந்துவிடுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்றாலும் சேரலாம், துளையிடுவதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.