அக்காவிடம் கேளுங்கள்: நியமிப்பும் டைட்ரேஷனும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பஸ் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் எழுதியவை. புதிய பட்ச் கொழும்புக்கு வந்திருக்கிறது என்பது கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இந்தத் தடவை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவர்களுக்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சியிலிருந்து கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு வந்து மூன்று மாதம். உயர்தரம் வரை எல்லாம் தமிழில்தான் படித்தேன். இங்கே எல்லாமே ஆங்கிலம். லெக்சரில் பாதி விளங்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். அறைக்கு வந்தால் அழுகைதான். விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் போல இருக்கிறது. — ஒரு மாணவி

பதில்: தங்கச்சி, போக வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 2006இல் களுவாஞ்சிக்குடியிலிருந்து இதே பீடத்துக்கு வந்தவள் நான். தலையாட்டும் கதை எனக்கும் நடந்தது.

முதலாவது இரசாயனவியல் செய்முறை வகுப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கரும்பலகையில் அன்றைய வேலையை எழுதியிருந்தார்கள். ‘டைட்ரேஷன்’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன், என்னவென்று விளங்கவில்லை. நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு மேசையைப் பார்த்தேன். தாங்கியில் அளவி பூட்டியிருக்கிறது. பக்கத்தில் குழாயி, கூம்புக் குடுவை, ஒரு சின்னப் போத்தலில் நிறம்காட்டி, பினோத்தலீன். அட, இது நியமிப்பு! கரைசலின் செறிவைத் துளி துளியாக அளந்து கண்டுபிடிக்கும் சோதனை. ஊரில் எத்தனை தரம் செய்திருப்பேன். அளவியிலிருந்து துளி துளியாக விட்டுக்கொண்டே வர, கடைசியில் ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்குமே, அந்த நேரம் எனக்கு எப்போதும் பிடித்தது. கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அதன் இங்கிலீஷ் பெயர் மட்டும்தான் தெரியாது.

பக்கத்தில் நின்ற குருநாகல் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சிங்களத்தில், ‘அனுமாபனய’ என்றாள். அது எனக்குத் தெரியாத சொல். நான் அளவியைக் காட்டி, ‘நியமிப்பு’ என்றேன். அது அவளுக்குத் தெரியாத சொல். டைட்ரேஷன் என்றால் என்னவென்று அவளும் அன்று காலையில்தான் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். எல்லாம் விளங்கித்தான் அவள் தலையாட்டுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு கொப்பி வாங்கினேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். உந்தம் என்றால் மொமென்டம். திணிவு என்றால் மாஸ். வகையீடு டிஃபரென்ஷியேஷன், தொகையீடு இன்டெக்ரேஷன். ஒட்சிசன், ஐதரசன் எல்லாம் கேட்டவுடன் பிடிபட்டுவிடும், அவற்றுக்குக் கொப்பி தேவையில்லை. முதல் செமஸ்டர் முடியும்போது ஏறக்குறைய அறுநூறு சொல் சேர்ந்திருந்தது. லெக்சர் விளங்குவதற்கு வேண்டிய ஆங்கிலம் அவ்வளவுதான். அந்தந்தப் பாடத்தின் சில நூறு சொற்கள், ‘அஸ்யூம்’, ‘டிரைவ்’, ‘ஹென்ஸ்’ மாதிரித் திரும்பத் திரும்ப வரும் இருபது முப்பது சொற்கள். பேச்சுப் போட்டிக்குப் போகிற ஆங்கிலம் இதற்குத் தேவையே இல்லை. அது பிறகு தானாக வரும். முதல் வருட ஆங்கில வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள். ‘அது சும்மா வகுப்பு’ என்று சீனியர்மார் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இன்னொரு விஷயம். ஊரில் ரியூசன் ஆசிரியர் எல்லாவற்றையும் பிசைந்து ஊட்டிவிட்டார். பத்து வருடக் கடந்தகால வினாத்தாளும் செய்வித்தார். இங்கே அப்படி இல்லை. எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரைப் பாடமென்றால் அதில் 15 மணித்தியாலம்தான் வகுப்பு, மிச்சம் 35 உங்கள் பொறுப்பு. அதனால் லெக்சரில் பாதி விளங்கவில்லை என்பது தோல்வி இல்லை. மற்றப் பாதியை நூலகத்தில் இருந்து பிடிப்பதற்குத்தான் அந்த 35. முதல்நாள் இரவே ஸ்லைட்ஸை ஒரு தரம் வாசித்து, தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். காதில் விழும் சொல் ஏற்கெனவே கண்ணில் பட்டதாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

கேள்வியும் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வெட்கமென்றால் லெக்சர் முடிந்து விரிவுரையாளர் கொம்பியூட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போய், அந்த வரியைக் காட்டி, ‘சேர், ஐ டிட் நொட் அண்டர்ஸ்டாண்ட் திஸ் ஸ்டெப்’ என்று சொன்னால் போதும். நான் இந்த ஒரு வசனத்தைத் தாளில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டுதான் முதல் தடவை போனேன். அவர் சோக்குக்கட்டியை எடுத்து முதலிலிருந்து செய்து காட்டினார். பின்னால் பார்த்தால், நான் கேட்டதைக் கேட்க இன்னும் நான்கு பேர் வந்து நிற்கிறார்கள்.

அழுகை நிற்கவில்லை, நித்திரை இல்லை, சாப்பிட முடியவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நேரே போய்க் கதையுங்கள். நான் போகாமல் இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடத்தைக் கோட்டைவிட்டேன், அதுதான் சொல்கிறேன்.

கேள்வி: நான் மன்னார். எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு. ‘கோட்டாவில் வந்தவன்’ என்று பட்ச்சில் ஒருவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். பதில் சொல்லத் தெரியவில்லை. — ஒரு மாணவன்

பதில்: தம்பி, முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு தெரியாதவர்கள்தான் இப்படிக் கதைப்பார்கள். 2001இலிருந்து அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. அந்தப் பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதுதான் அது. கடினமான பாடம் எடுத்தவனும் இலகுவான பாடம் எடுத்தவனும் ஒரே தராசில் ஏறுவதற்காகக் கொண்டுவந்த முறை. அதன் பிறகு விஞ்ஞானம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னாரும் அந்தப் பதினாறில் ஒன்று, என்னுடைய மட்டக்களப்பும் ஒன்று. ஹம்பாந்தோட்டையும் மொனராகலையும் நுவரெலியாவும் அதில்தான். தமிழருக்கு மட்டும் தந்த சலுகை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

1970களின் தொடக்கத்தில், தமிழில் எழுதியவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்ற மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது எங்கள் பெரியவர்கள் பட்ட வேதனையை நானும் வீட்டில் கேட்டு வளர்ந்தவள். அதனால் அனுமதி முறையைப் பற்றி யாரும் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் அது கொள்கையைப் பற்றிய வாதம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மூளையைப் பற்றியது அல்ல.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரம் இரண்டாம் வருடம் பௌதிகவியலுக்கு ஏழு மாதம் ஆசிரியர் இல்லை. நாங்கள் பதினொரு பிள்ளைகள், பழைய மாணவர் ஒருவர் சனி ஞாயிறில் சைக்கிளில் வந்து சொல்லித் தருவார். அவருக்குச் சம்பளம் இல்லை, அம்மாமார் முறைபோட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். கொழும்பில் வீட்டு வாசலில் மூன்று ரியூசன் உள்ள பிள்ளை எடுத்த புள்ளியையும் நாங்கள் எடுத்த புள்ளியையும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது. மாவட்டக் கணக்கு இருப்பதே அதற்காக.

அந்தப் பெடியனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்பஸ் விடைத்தாளில் சுட்டெண்தான் இருக்கும், மாவட்டம் இருக்காது. கேள்வியும் ஒன்று, திருத்துகிறவரும் ஒருவர். எங்கள் பட்ச்சில் முதல் வகுப்பு எடுத்தவர்களில் ஒரு பிள்ளை முல்லைத்தீவு.

கேள்வி: மகனுக்குக் கொழும்பில் முகாமைத்துவம் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஹட்டன் பக்கம், தோட்டத்தில் வேலை. விடுதியா, வெள்ளவத்தையில் அறையா? மஹாபொலப் புலமைப்பரிசில் காசு போதுமா? — ஒரு தாய்

பதில்: அம்மா, சந்தோஷம். முதலில் விடுதிக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். தூர இடத்துப் பிள்ளைகளையும் வருமானத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள். மஹாபொலவை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500ஆகக் கூட்டினார்கள். நல்ல விஷயம். ஆனால் கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்காது. முதல் பணம் கைக்கு வரவும் காலம் எடுக்கும். அதை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

அறைதான் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வசதி. தமிழ்க் கடைகள் இருக்கின்றன. காலி வீதியில் 100 பஸ் ஏறிப் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தையில் நடந்தால் தும்முல்லைச் சந்தி வரும், கம்பஸ் அங்கேதான். ரயிலிலும் வரலாம். அறை பார்க்கப் போகும்போது மகனோடு நீங்களோ அப்பாவோ போங்கள். தண்ணீர், கரண்ட் பில் வாடகைக்குள்ளா வெளியிலா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சமைக்க விடுவார்களா என்று வாயால் கேட்டு, அட்வான்ஸ் காசுக்குக் கையெழுத்துப் போட்ட துண்டு ஒன்றும் வாங்குங்கள். நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். சமைக்க விடுவார்கள் என்று நினைத்துச் சட்டி பானையோடு போய் இறங்கினோம், விடவில்லை. முதல் வருடம் முழுக்கப் பார்சல் சாப்பாடு. மத்தியானம் கம்பஸ் கன்டீனில் சாப்பிடுவதுதான் மலிவு.

படிக்க அறை வசதி காணாதென்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது, சொல்லி வையுங்கள். மாதம் ஒரு தரம் கருவாட்டுச் சம்பல் கட்டி அனுப்புங்கள் அம்மா. அது வந்த நாளில் எங்கள் அறையில் மூன்று பேரும் வீட்டில் இருந்த மாதிரி இருந்தோம்.

கேள்வி: தங்கச்சிக்குப் பகிடிவதை நடக்கிறது. முறைப்பாடு செய்தால் பட்ச்சில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். — ஓர் அண்ணன், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, செய்யுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவு அல்லது பாரதூரமான காயம் என்றால் பத்து வருடம் வரை. அவள் நேரே போகப் பயந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று தங்கச்சியை எழுதி வைக்கச் சொல்லுங்கள், மெசேஜ்களை அழிக்க வேண்டாம். ஒதுக்குவார்கள் என்பது உண்மைதான், சில மாதம் கஷ்டமாக இருக்கும். அந்த மாதங்களில் தினமும் அவளுக்குப் போன் எடுங்கள்.

கேள்வி: கம்பஸ் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது என்ன படிக்கலாம்? — வவுனியா மாணவி

பதில்: பாடப் புத்தகத்தைத் தொட வேண்டாம். உயர்தரம் எழுதிக் களைத்த பிள்ளை நீங்கள். எக்செல் கொஞ்சம் பழகுங்கள், சோறு கறி சமைக்கப் பழகுங்கள். மிச்ச நேரத்தில் சிங்களம். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்க, பட்ச் பிள்ளைகளோடு கதைக்க, செய்முறை வகுப்பில் பக்கத்தில் நிற்பவளிடம் கேட்க. பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தது அந்தக் குருநாகல் பிள்ளைதான். கன்டீனில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு, என் கொப்பியில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் சிங்களத்தையும் தானே எழுதினாள். பதிலுக்கு நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் ஆசிரியை. போனில் என் நம்பரை ‘நியமிப்பு’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள், தமிழ் எழுத்தில்.