2024-இன் இண்டி ராக் பாடல்களில் எனக்குப் பிடித்தவை: ஒரு மைக் செட் கடைக்காரர் மகனின் பதில்

"2024-இல் வெளியான இண்டி ராக் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்கு வெளியே வளர்ந்த ராக் இசையைத்தான் இண்டி ராக் என்கிறார்கள். பாடல்களைச் சொல்வதற்கு முன், நான் எந்தக் காதைக் கொண்டு கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தேர்வு சிலருக்கு விநோதமாகப் படும். நீடாமங்கலத்துக்கு அருகே, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே என் தந்தை மைக் செட் வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், அம்மன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், துக்க வீடு என எல்லாவற்றுக்கும் எங்கள் பெட்டிகள்தாம் போகும். பள்ளிக்கூட நாள்களில் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டும்போது கீழே நின்று ஒயரைத் தூக்கிக் கொடுத்தவன் நான். ஆகவே ஸ்பீக்கர் யூனிட் கிழிந்த கரகரப்பு, எர்த் சரியில்லாத இரைச்சல், மைக்கும் ஸ்பீக்கரும் எதிரெதிரே நின்றுவிட்டால் எழும் கீச்சு ஆகியவை எனக்குத் தாலாட்டைப் போலப் பழகியவை. எங்கள் தொழிலில் இவை ஒவ்வொன்றும் ஒரு குறை. வாடிக்கையாளர் காதில் விழுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். அதே குறைகளைத் துடைத்து எறியாமல் பாட்டுக்குள்ளேயே இருக்கவிட்டவர்களின் பாடல்களே அந்த ஆண்டு என்னோடு தங்கின.

முதலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரைச் சேர்ந்த எம்.ஜே. லெண்டர்மனைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 6 அன்று வெளிவந்த 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' என்ற தொகுப்பின் கடைசிப் பாடல் 'பார்க் அட் தி மூன்'. ஏறக்குறைய 10 நிமிடங்கள் ஓடும் அந்தப் பாடலில், சோம்பலான குரலில் அவர் பாடி முடிப்பது முதல் சில நிமிடங்களிலேயே. மீதிப் பொழுது முழுவதும் ஒரு நீண்ட ரீங்காரம் தாளமின்றி, சொல்லின்றி நின்றுகொண்டிருக்கிறது. ஒரு நாள் கடையில், பழுது பார்த்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சோதிப்பதற்காக என் கைப்பேசியை அதில் செருகி இந்தப் பாட்டை ஓடவிட்டிருந்தேன். பின்கட்டிலிருந்து வந்த அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். பின்பக்கத்து ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"எர்த்து விட்டிருக்குடா. இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கியே?"

"அது பாட்டுதாம்ப்பா."

அவர் நம்பவில்லை. மறுபடியும் போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் நின்றவர், "ஒத்து ஊதுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஈயம் பற்றவைக்கப் போய்விட்டார். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் எழுதியதாகத் தெரியவில்லை. சுருதிப் பெட்டி வருவதற்கு முன்பு, நாதஸ்வரக் குழுவில் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருப்பார். மூச்சு அறுபடாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பதே அவருடைய வேலை. பேச்சு வழக்கில் 'ஒத்து ஊதுவது' என்பது இகழ்ச்சியாகிவிட்டது. ஆனால் அவர் நிறுத்தினால் ராகம் நிற்க இடமில்லை. லெண்டர்மன் செய்திருப்பது, ராகம் வாசித்தவர் எழுந்து போன பிறகும் ஒத்துக்காரரை மட்டும் மேடையில் விட்டுவைத்தது. பாட்டில் இருந்த தனிமை அந்த இரைச்சலில்தான் முழுதாகத் தெரிகிறது.

இந்தத் தொகுப்பு வெளிவந்து மூன்று வாரங்களுக்குள் ஹெலீன் புயலின் மழை ஆஷ்வில் நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அந்த மாநிலத்துக்கு நிவாரணம் திரட்டுவதற்காகப் பல கலைஞர்களிடமிருந்து 136 பாடல்களைப் பெற்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் லெண்டர்மனின் பாடலும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு, மின்சாரம் இல்லாத நாள்களில் எங்கள் கடை ஜெனரேட்டரில் ஊரே கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றியது நினைவுக்கு வந்தது.

அடுத்து, கிம் டீல். பிக்ஸீஸ், ப்ரீடர்ஸ் ஆகிய அமெரிக்க ராக் குழுக்களில் பல காலம் இருந்த அவர் தம் பெயரிலேயே வெளியிட்ட முதல் முழுத் தொகுப்பு நவம்பர் 22 அன்று வந்தது. அதில் 'ஆர் யூ மைன்?' என்ற பாடலை நான் எளிதில் கேட்க முடிவதில்லை. மறதி நோய் முற்றியிருந்த அவருடைய தாய், வீட்டு நடையில் மகளை எதிரே கண்டு, "நீ என்னுடையவளா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டின் வேர் அந்தக் கேள்விதான். என் அப்பாயி கடைசி இரண்டு ஆண்டுகளில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒவ்வொரு முறை படியேறும்போதும், "நீ யாரு வூட்டுப் புள்ளப்பா?" என்று கேட்பார். கேள்வியில் ஒரு மரியாதை இருக்கும், அதுவே வலிக்கும். கிம் டீல் இந்தப் பாட்டை அழுது பாடவில்லை. பழைய காதல் பாட்டின் மெதுவான நடையில், ஏறக்குறையக் கொஞ்சலாகப் பாடுகிறார். தெரியாமல் கேட்பவர் அதைக் காதலனிடம் கேட்கும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

இந்தத் தொகுப்பின் பல பாடல்களை ஒலிப்பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. தொகுப்பு வெளியாவதற்கு முன்பே, மே 7 அன்று, தம் 61-ஆவது வயதில் அவர் மாரடைப்பால் இறந்துவிட்டார். என்னைப் போன்ற மைக் செட் வீட்டுப் பிள்ளைக்கு இவர் குலதெய்வம். தம்மைத் தயாரிப்பாளர் என்று அழைப்பதை விரும்பாமல், 'பதிவு செய்தவர்' என்று மட்டும் போடச் சொன்னவர் அவர். விற்பனையில் பங்கு கேட்காமல், வேலைக்குரிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். வாத்தியத்துக்கு அருகே ஒரு மைக் என்றால், அறையின் மறுகோடியிலும் ஒன்றை வைத்து, அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்பதையும் பதிந்தார். முரசை அடிக்கும்போது சுவர் பதில் சொல்வது அவருடைய பதிவுகளில் கேட்கும். அப்பாவும் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் கையைத் தட்டிப் பார்ப்பார். பெட்டியை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்.

வாக்ஸஹாச்சி என்ற பெயரில் பாடும் கேட்டி கிரட்ச்ஃபீல்டின் 'ரைட் பேக் டு இட்' ஜனவரியிலேயே வந்துவிட்டது. மார்ச் 22 அன்று வெளியான 'டைகர்ஸ் பிளட்' தொகுப்பில் அது இடம்பெற்றது. அலபாமாவில் அவருடைய குடும்ப வீட்டுக்கு அருகே ஓடும் ஓர் ஓடையின் பெயர்தான் வாக்ஸஹாச்சி. திருவாவடுதுறை, செம்பனார்கோயில் என்று ஊரைச் சொன்னாலே நாதஸ்வரக்காரரின் முகம் நினைவுக்கு வருகிற மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெயர் வைப்பு புதிதாக இராது. பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தின் சிறு நடையோடு தொடங்கும் பாட்டில், மேலே சொன்ன லெண்டர்மனே இரண்டாம் குரலாகச் சேர்கிறார். இரு குரல்களும் சீவிச் சமன்செய்தவை போல ஒட்டவில்லை. ஒன்று அரை அடி பின்னால் நடந்து வருகிறது. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் விலகி விலகித் திரும்பி வருவதைப் பற்றிய பாட்டுக்கு அந்த இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குப் பதிலாக ஜூலை 28 அன்று திறந்த ஆண்டு 2024. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த வாரம் முழுவதும் கரையில் இந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் ஃபாண்டைன்ஸ் டி.சி. குழுவின் 'ஸ்டார்பர்ஸ்டர்', பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ரயில் நிலையத்தில் ஏற்பட்ட பதற்றத் தாக்குதலிலிருந்து பிறந்தது. பல்லவிக்குள் அவர் மூச்சை இழுத்து விழுங்கும் ஓசையே தாளத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. "மைக்கைத் தள்ளிப் புடிங்க, மூச்சு வுழுது" என்று மேடைப் பேச்சாளர்களிடம் ஆயிரம் முறை சொன்ன எனக்கு, முதல் முறை கேட்டபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. அமெரிக்கப் பாடகர் ஏட்ரியன் லெங்கரின் 'சேட்னஸ் அஸ் எ கிஃப்ட்' ராக் ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள், வாதிடட்டும். காட்டுக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கூடமொன்றில், நாடாவில் பதிந்த, அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பில் ஒரே அறையில் மனிதர்கள் கூடியிருப்பது கேட்கிறது. எனக்கு அது போதும். 16 ஆண்டுகளுக்குப் பிறகு புதிய தொகுப்போடு வந்த, இங்கிலாந்தின் தி க்யூர் குழுவின் 'அலோன்' பாட்டில், மூன்று நிமிடங்களுக்கு மேல் வாத்தியங்கள் மட்டுமே ஒலித்த பின்புதான் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். ஆலாபனைக்குப் பழகிய நமக்குக் காத்திருப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை.

பலரும் புகழ்ந்த ஒன்று என் பட்டியலில் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஃபாதர் ஜான் மிஸ்டியின் தொகுப்புக்கு 'மஹாஷ்மஷானா' என்ற தலைப்பைப் பார்த்ததும் ஆவலோடு ஓடினேன். பெரிய மயானம் என்று பொருள்படும் வடசொல் அது. கடவூர் மயானம், நாலூர் மயானம் என்று மயானத்தின் பெயராலேயே தேவாரப் பாடல் பெற்ற கோயில்கள் இருக்கும் பகுதிக்காரனை அது இழுக்காமல் இருக்குமா? ஆனால் தலைப்புப் பாடலில் வயலின்கள் மேல் வயலின்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் மயானத்தில் இருக்கவேண்டிய வெட்டவெளி அதில் எனக்குக் கேட்கவில்லை.

கடைசியாக, ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால் நான் சொல்லக்கூடியது: சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி'. மார்ச் 29 அன்று வந்த இந்தத் தொகுப்பில் 32 பாடல்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல். முதலில் இது ஸ்பாட்டிஃபையில் வரவில்லை. யூடியூபில் ஒரே நீளக் காணொளியாகவும், 1990-களின் இணையத்தை நினைவூட்டும் ஓர் எளிய பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் கோப்பாகவும் மட்டுமே கிடைத்தது. கனடாவின் கால்கரியில் இயங்கிய 'விமன்' குழுவில் முன்பு இருந்த பேட்ரிக் ஃப்ளெகல், பெண்வேடம் பூண்டு மேடையேறும் வடிவம்தான் சிண்டி லீ. நம் நாடகக் கொட்டகையின் ஸ்திரீ பார்ட்டை நினைத்துக்கொள்ளலாம். பாடுவது கள்ளத்தொண்டையில். 1960-களின் பெண் குழுப் பாடல்களைப் போன்ற மெட்டு, அதன் மேல் கம்பி இழுத்தாற்போன்ற கிட்டார், எல்லாவற்றையும் போர்த்திய ஒரு தூசி.

அந்தத் தூசியை எங்கே கேட்டிருக்கிறேன் என்று பல நாள் யோசித்தேன். பக்கத்து ஊர்த் திருவிழா. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒலி மேலே போய்விடாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு வரும். குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி ஏற்கெனவே கிடையாது. நடுத்தொனி மட்டும் வயல்களைத் தாண்டி வந்து, காற்று திரும்பினால் பாதி வரியில் காணாமல்போய், அடுத்த வரியில் மீண்டும் வரும். தலைப்புப் பாடலும் 'பேபி ப்ளூ'வும் எனக்கு அப்படித்தான் வருகின்றன. 'கோல்டன் மைக்ரோஃபோன்' என்று ஒரு பாடல் இருப்பதை அறிந்தபோது, எங்கள் கடைக்கு அந்தப் பெயரையே வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "தங்கத்துக்கு நான் எங்கடா போவேன்?" என்றார்.

இதைக் காதுக்குள் செருகிக் கேட்காதீர்கள். ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் வந்து உட்காருங்கள். நடுவில் உள்ள கதவுகள் திறந்தே இருக்கட்டும்.