தம்பியின் நிறம் திரும்பிவிடும், அட்டையை விடவேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு வயது 32. தொழுநோய்க்காக மூன்று மாதமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் அட்டை மாத்திரை சாப்பிடுகிறான். முகமும் கையும் கறுத்துவிட்டன. சில நாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. “மருந்துதான் என்னைக் கெடுக்குது, விட்டுடறேன்” என்கிறான். விடலாமா?
– ஒரு சகோதரி, விழுப்புரம்

பதில்: விடவே கூடாது அம்மா. அந்த அட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான 12 மாதச் சிகிச்சை என்றால், மாதத்தின் முதல் நாள் மருந்து தனியாக இருக்கும்: ரிபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோபாசிமின் 300, டாப்சோன் 100. இதைச் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்கவேண்டும். மீதி 27 நாளும் டாப்சோன் 100, குளோபாசிமின் 50.

சிவப்புச் சிறுநீருக்குக் காரணம் ரிபாம்பிசின். முதல் நாள் மருந்துக்குப் பிறகு ஓரிரு நாளில் சரியாகிவிடும். மாத நடுவில் கட்டன் டீ நிறத்தில் போனால் அது வேறு விஷயம். கூடவே கண் மஞ்சள், மூச்சிரைப்பு, உதடு நீலம் பாய்வது இருந்தால், டாப்சோன் ரத்த அணுக்களைச் சிதைக்கிறதா, கல்லீரல் பாதித்திருக்கிறதா என்று அன்றே பார்க்கவேண்டும்.

கறுப்புக்குக் காரணம் குளோபாசிமின். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வெளிறத் தொடங்கும், முழுதும் மறைய ஓராண்டு ஆகலாம். தோல் வறண்டால், அதைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெயிலில் முழுக்கைச் சட்டை போடட்டும். நிறத்தை அவனால் தாங்கவே முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளோபாசிமினுக்குப் பதில் ஆஃப்லாக்சசின் அல்லது மினோசைக்ளின் தர வழி உண்டு. அவனாக ஒரு மாத்திரையை மட்டும் ஒதுக்கக் கூடாது. ஒற்றை மருந்தாக டாப்சோன் கொடுத்த காலத்தில் கிருமி அதை எதிர்த்து நிற்கப் பழகியதால்தான், 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது.

டாப்சோன் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும்: காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, மஞ்சள் காமாலை. தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான் என்றாலும், இந்த அறிகுறிகள் எப்போது வந்தாலும் டாப்சோனை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை நரம்பைப் பற்றித்தான். படை திடீரென்று சிவந்து வீங்கினாலோ, முழங்கை நரம்பு வலித்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ அது தொழுநோய் எதிர்வினை, அதாவது கிருமியை உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்குவதால் வரும் வீக்கம். அப்போது அட்டையைத் தொடர்ந்துகொண்டே, வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையும் தருவார்கள். நாள் கடத்தினால் விரல் மடங்கியே நின்றுவிடும்.

ஓரிரு மாதம் தவறியிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 12 அட்டையும் 18 மாதத்துக்குள் முடியவேண்டும். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் தருவார்கள்.